குடும்பச் சூழ்நிலை காரணமாக

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு பக்கமாவது படி. சண்டை பிடிக்க எழுதவில்லை. சமாதானம் பேசவும் எழுதவில்லை. எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். அது உனக்குத் தெரிந்த காரியம்.

என் போன வருட இடமாற்ற மனுவும் திரும்பி வந்துவிட்டது. இது நான்காவது முறை. அதே நீல முத்திரை, அதே வாசகம்: 'பரிசீலிக்க இயலவில்லை'. இந்த நீரேற்று நிலையத்துக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒரு பக்கம் அணைத் தண்ணீர், மூன்று பக்கம் கல்லும் முள்ளும். ஐந்து மோட்டார், இரண்டு ஆபரேட்டர். மணிக்கு ஒருமுறை அளவுமானியைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். வாரம் ஒரு லாரி சாமானும் தபாலும் கொண்டுவரும். போன் எடுக்காது. அவசரம் என்றால் வயர்லெஸ். பன்னிரண்டு மணி நேரம் அவன், பன்னிரண்டு மணி நேரம் நான். ஒருவன் விழித்திருக்கும்போது மற்றவன் தூங்குவான். அதனால் இரண்டு பேர் இருக்கிறோம் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான்.

நீ தலைமை அலுவலகத்தில் மனுப் பிரிவில் இருக்கிறாய். பத்தொன்பது வருடமாக ஊரார் அழுகையை எல்லாம் படித்துப் பிரித்துக் கட்டுகிறாய். எதை எழுதினால் எடுபடும், எதை எழுதினால் மூலைக்குப் போகும் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? சிபாரிசு கேட்கவில்லை. செய்ய மாட்டாய் என்றும் தெரியும். எழுதக் கற்றுக்கொடு, போதும். திரும்பி வந்த மனுவின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அம்மா போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம். இரண்டு வருடம் நான்கு மாதம்.

தம்பி
பணியாளர் எண் 4417

(எண் பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. இங்கே தும்மினாலும் கீழே எண் போட வேண்டும்.)

பிப்ரவரி 21

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு நாள் மேசைமேல் கிடந்தது. மூன்றாம் நாள் படித்தேன்.

முதலில் என் மேசையைத் தெரிந்துகொள். காலையில் நூற்றைம்பது மனு வந்து விழும். எழுதியவர் பெயரைப் பதிவுப் பிரிவிலேயே காகிதம் ஒட்டி மறைத்துவிடுவார்கள். எண் மட்டும் தெரியும். யாருக்கும் சலுகை போகக்கூடாது என்று ஏற்பாடு. நான் அவற்றை மூன்று கட்டாகப் பிரிப்பேன்: உடனடி, பிறகு, பொது. பொது என்பது மரியாதைக்கு வைத்த பெயர். அந்தக் கட்டில் போனது அங்கேயே கிடந்து மக்கும்.

ஒரு மனுவுக்கு எனக்குக் கிடைப்பது அரை நிமிடம். நீ அதில் முக்கால்வாசியை 'மேன்மைதங்கிய', 'சமூகத்துக்குத் தாழ்மையுடன்' என்றே தின்றுவிட்டாய். யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமல் பேசுகிறவன் சுவரிடம் பேசுகிறான். நீ பெரிய நாற்காலியில் ஒரு ராஜா உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறாய். அங்கே இருப்பது முதுகுவலிக்காரி ஒருத்தி. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படிக்கிறாள். தேநீர் ஆறிப்போய்விட்டது. அவளிடம் பேசு. அதுதான் முதல் பாடம்.

அடுத்தது, 'குடும்பச் சூழ்நிலை காரணமாக'. தினமும் அறுபது பேர் இந்த மூன்று வார்த்தையை எழுதுகிறார்கள். மனைவி ஓடிப்போனவனும் இதைத்தான் எழுதுகிறான், மச்சினன் கல்யாணத்துக்குப் போகிறவனும் இதைத்தான் எழுதுகிறான். இதைப் பார்த்ததும் என் கை தானாகப் பொதுக் கட்டுக்குப் போய்விடும். மேற்கொண்டு படிக்கவும் மாட்டேன்.

நான் பள்ளிக்கூடத்தில் இதைப் படிக்கவில்லை. பழைய புத்தகக் கடையில் பேச்சுக்கலை பற்றி அட்டை போன புத்தகம் ஒன்று கிடைத்தது. அதில் இருந்தது பாதி. மீதியை இந்த மேசை கற்றுக்கொடுத்தது. உனக்கும் கற்றுத் தருகிறேன். பாடம் மட்டும். வேறு எதையும் இதற்குள் கொண்டு வராதே.

அக்கா

மார்ச் 3

அக்காவுக்கு,

மேன்மைதங்கியவரை வெட்டிவிட்டேன். குடும்பச் சூழ்நிலையையும் வெட்டினேன். பிறகு பார்த்தால் மனுவில் தேதியும் கையெழுத்தும்தான் மிச்சம் இருந்தது.

அதனால் புதிதாக ஒன்று எழுதினேன். முதுகுவலிக்காரியின் மனம் இளக வேண்டுமே என்று கொஞ்சம் தாராளமாகவே எழுதிவிட்டேன். 'நீர் நிறைந்த சிறையில் நாதியற்று வாடும் அபலை' என்று ஆரம்பம். நடுவில் 'என் கண்ணீரால் இந்த அணையின் மட்டம் உயர்கிறது' என்று ஒரு வரி. பார்ட்னரிடம் படித்துக் காட்டினேன். பார்ட்னர் என்பது இன்னொரு ஆபரேட்டர். இங்கே பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டிய அவசியமே வருவதில்லை. நான் அவனைப் பார்ட்னர் என்கிறேன், அவன் என்னைப் பார்ட்னர் என்கிறான். கேட்டுவிட்டு அவன், "யாரு செத்தா?" என்றான். அணை மட்டம் உயர்ந்தால் நோட்டில் ஏற்றச் சொல்லி மேலிடத்திலிருந்து ஆள் வரும், ஜாக்கிரதை என்றான்.

நகல் இணைத்திருக்கிறேன். சிரித்துவிட்டுத் திருத்து. நீ சிரித்து நான் பார்த்து வெகு காலம் ஆகிறது. இதை எழுதக்கூடாது என்று நினைத்தேன். பேனா எழுதிவிட்டது.

தம்பி

மார்ச் 16

தம்பிக்கு,

சிரித்தேன். பக்கத்து மேசைக்காரி என்னவோ ஏதோ என்று எழுந்து வந்துவிட்டாள். அபலை என்று பெண்ணைத்தான் சொல்வார்கள். உனக்கு மீசை இருக்கிறது.

இப்போது பாடம். ஒருவர் சொல்வதை இன்னொருவர் ஏற்க மூன்று விஷயம் வேண்டும். சொல்கிற ஆள்மேல் நம்பிக்கை வர வேண்டும். கேட்கிறவர் மனம் கொஞ்சமாவது அசைய வேண்டும். சொல்கிற காரணம் நிற்க வேண்டும். அந்தப் புத்தகம் இதற்கு நூறு பக்கம் எழுதியிருக்கிறது. முக்காலியில் ஒரு கால் போனால் என்ன ஆகும் என்று யாருக்கும் நூறு பக்கம் சொல்ல வேண்டியதில்லை.

உன் மனுவில் கண்ணீர் குடம் குடமாக இருக்கிறது. ஆள் இல்லை. ஒன்பது வருடம் ஒரு நாள்கூட அளவு எழுதத் தவறாதவன் நீ. அதை ஒரு வரி சொல்லியிருந்தால் இவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றும். காரணமும் இல்லை. ஊருக்கு வர வேண்டும் என்கிறாய். எதற்கு? யாருக்காக? அங்கே என்ன நடக்கிறது, நீ வந்தால் அது எப்படி மாறும்? தனியாக இருக்கிறேன் என்பது காரணம் ஆகாது. எல்லோரும்தான் தனியாக இருக்கிறோம். வெள்ளிக்கிழமை மாலை அலுவலகத்தில் "வரேன்" என்று சொல்லிவிட்டு வந்தால் திங்கட்கிழமை காலைதான் நான் மறுபடியும் வாய் திறக்கிறேன். முதல் வார்த்தை கரகரவென்று வருகிறது. அதற்காக மனுப் போட்டேனா?

அம்மாவுக்காக வர வேண்டிய நேரத்தில் வராதவன் இப்போது யாருக்காக வருகிறான் என்று கேட்டால் என்ன எழுதுவாய்? மனுவைப் படிக்கிறவள் கேட்பாள். நான் கேட்கவில்லை.

அக்கா

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

நீ சொல்லிக்கொடுத்த மூன்று காலை வைத்து உன் கடிதத்தையே அளந்து பார்த்தேன்.

ஆள்மேல் நம்பிக்கை: இருக்கிறது. நீ பொய் சொல்ல மாட்டாய். மனம் அசைய வேண்டியது: அசைந்தது, இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. காரணம்: அது மட்டும் இல்லை. ஏன் வரவில்லை என்று நீ ஒருமுறைகூட என்னைக் கேட்டதில்லை. கேட்காமலே தீர்ப்பு எழுதிவிட்டாய்.

எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் வந்து சேர்ந்தேன். கையில் பை இருந்தது. அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டார் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நீ வாசலுக்கு வந்து, "பொணத்தப் பாக்கக்கூட வராதவனுக்கு இந்த வீட்ல என்ன வேல? போ" என்று சொன்னாய். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, திரும்பிவிட்டேன். அந்த வாக்கியத்தை எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன். சுருக்கமாக இருந்தது. கேட்கிறவன் யார் என்று தெரிந்து சொன்னதாக இருந்தது. உன் பாடப்படி பார்த்தால் நூற்றுக்கு நூறு.

நான் லீவு கேட்டேன் அக்கா. அம்மா போவதற்கு மூன்று நாள் முன்பே கேட்டேன். உத்தரவு இல்லாமல் மோட்டாரை விட்டு நகர முடியாது. உத்தரவு நேரத்துக்கு வரவில்லை.

பாடத்தை நிறுத்திவிடாதே. என் மனுவை எழுத எனக்கு இன்னும் வரவில்லை. பழகுவதற்காக வேறொருவருக்கு எழுதிப் பார்க்கிறேன். மற்றவருக்கு எழுதும்போது கை ஓடுகிறது.

தம்பி

மே 6

தம்பிக்கு,

ஒரு மாதம் எழுதவில்லை. லீவு கேட்டேன் என்று எல்லோரும்தான் சொல்வார்கள் என்று ஒரு பதில் எழுதினேன். அதை அனுப்பவில்லை. அதோடு இதை விடுவோம்.

மனு கொடுக்கக் கடைசி நாள் ஜூன் பதினைந்து. அதற்குள் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஒன்று, வரிசை. மிக முக்கியமானதைக் கடைசிக்கு என்று பத்திரப்படுத்தாதே. நான் அதுவரை படிக்கமாட்டேன். அதற்காக முதல் வரியிலேயே கொட்டிவிட்டாலும் அது யாருடைய துக்கம் என்று எனக்குத் தெரியாது. முதலில் ஆள், உடனே விஷயம், பிறகு வேண்டுகோள். வேண்டுகோளை ஒரே ஒருமுறை கேள். நீ 'வேண்டுகிறேன்' என்று ஒன்பது தடவை எழுதியிருந்தாய். மூன்றாவது தடவைக்கு மேல் அது காதில் விழுவதில்லை. ஒன்றைத் திரும்பச் சொன்னால் அது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கனக்க வேண்டும். இல்லாவிட்டால் சொல்லாதே.

இரண்டு, பெரிய சொல்லை விட்டுவிட்டுச் சின்ன விஷயத்தைப் பிடி. 'சொல்லொணாத் துயரம்' என்று எழுதினால் நான் சொல்லவே வேண்டாம் என்று வைத்துவிடுவேன். நடந்ததைச் சொல். ஒரு நாள், ஓர் இடம், யார் என்ன சொன்னார்கள். துயரம் என்று நீ எழுதாதே, படிக்கிறவள் சொல்லிக்கொள்வாள்.

இன்னொன்று. உன் எண்ணை இந்தப் பிப்ரவரியில்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகு மறைத்து வைப்பது முறையில்லை என்று அதிகாரியிடம் போய், 4417 என் தம்பி, அந்த மனுவை வேறு யாராவது பிரிக்கட்டும் என்றேன். "உங்கள எங்களுக்குத் தெரியாதாம்மா? நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டார். அதனால் சொல்கிறேன். தம்பி என்று ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன். நன்றாக எழுது.

அக்கா

ஜூன் 10

அக்காவுக்கு,

மனுவை இந்த லாரியில் அனுப்பிவிட்டேன். பதினொரு தடவை எழுதினேன். பன்னிரண்டாவது தடவை பழைய மனுவையே கொஞ்சம் சுருக்கி எழுதி உறையில் போட்டுவிட்டேன். படிக்கும்போது திட்டாதே.

மூன்றாம் நம்பர் மோட்டார் இருமுகிறது. வேறு விசேஷம் இல்லை.

தம்பி

ஜூலை 24

தம்பிக்கு,

பட்டியல் வந்துவிட்டது. உன் எண் அதில் இல்லை. ஆபீஸ் முத்திரை வந்து சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

உன் மனுவைத் தம்பி என்பதால் இரண்டு தடவை படித்தேன். இரண்டு தடவையும் அதில் ஒன்றும் இல்லை. ஒன்பது வருடம், தவறாமல் அளவு எழுதினேன் என்று ஒரு வரி. அது நல்ல வரி. அதற்குப் பிறகு 'குடும்பச் சூழ்நிலை காரணமாக'. இத்தனை மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தேனே, அதற்கா? படிவத்தில் 'மனுதாரரை எதிர்பார்த்திருப்பவர், உறவு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை வெறுமையாக விட்டிருக்கிறாய். கட்டம் வெறுமையாக இருந்தால் பொதுக் கட்டு. அதுதான் விதி. என் கையால்தான் வைத்தேன்.

அதே நாளில் இன்னொரு மனு வந்தது. அதை உடனடிக் கட்டில் மேலே வைத்தேன். பத்தொன்பது வருடத்தில் அப்படி ஒன்றைப் படித்ததில்லை. உனக்கு உதவும் என்று ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன்:

'என் மகனுக்கு ஏழு வயது. அவனுக்குக் காது கேட்காது. போன வருடம் சைகையில் பேசக் கற்றுத்தரும் பள்ளியில் சேர்ந்தான். நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போகிறேன். இந்த முறை போனபோது அவன் என் எதிரில் நின்று இரண்டு கையாலும் ஏதோ சொன்னான். எனக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னான். பிறகு தன் அம்மாவைக் கூட்டிவந்து நிறுத்திச் சொன்னான். அவன் கேட்டது, அப்பா எப்போது போவார் என்று. என் மகன் பேசுவதை எனக்கு வேறொருவர் சொல்ல வேண்டியிருக்கிறது. அவனோடு இருந்து அந்தப் பேச்சைக் கற்றுக்கொள்ள என்னை ஊருக்கு மாற்றுங்கள்.'

அவ்வளவுதான் மனு. ஒரு பெரிய சொல் கிடையாது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஓர் ஆபரேட்டர். அவனைப் போல எழுதக் கற்றுக்கொள்.

பட்டியல் வந்த பிறகுதான் பெயரும் இடமும் தெரிந்தது. அவன் உன் நிலையத்து ஆள். ஒரு நிலையத்திலிருந்து வருடத்துக்கு ஒருவரைத்தான் விடுவிப்பார்கள். அப்படியானால் உன் மனு நன்றாகவே இருந்திருந்தாலும் நான் இரண்டில் ஒன்றைத்தான் மேலே வைத்திருப்பேன். எதை என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். அதைத்தான் வைத்திருப்பேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை. வருத்தமாக இருக்கிறது.

அக்கா

ஆகஸ்ட் 7

அக்காவுக்கு,

பார்ட்னர் போன வியாழக்கிழமை லாரியில் போய்விட்டான். ஏறும்போது அழுதான். உத்தரவு வந்ததிலிருந்து தெரிந்த ஒன்றிரண்டு சைகையைக் காட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தவன். நான் அவனை ஏற்றிவிட்டு வந்து மணி பத்து அளவை எழுதினேன். அவன் இடத்துக்கு ஆள் வரும்வரை இரண்டு வேலையும் எனக்குத்தான். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதினால் போதும் என்று சலுகை கொடுத்திருக்கிறார்கள். இடையில் தூங்கிக்கொள்ள வேண்டும். மோட்டார்களிடம் பேச ஆரம்பித்துவிட்டேன். மூன்றாம் நம்பர் மட்டும் பதில் சொல்கிறது.

நீ மேலே வைத்த மனுவை எழுதியது நான்தான். பழகுவதற்காக எழுதுகிறேன் என்றேனே, அது. அவன் தன் கையெழுத்தில் பிரதி எடுத்து அனுப்பினான். ஒரு நிலையத்துக்கு ஓர் ஆள் என்ற விதி எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். அவன் அந்தக் கதையைச் சொன்ன விதம் வேறு, ஒரு மணி நேரம் அழுதுகொண்டே சுற்றிச் சுற்றிச் சொன்னான். நீ சொன்ன வரிசையில் நான் எடுத்து வைத்தேன். ஆள், விஷயம், வேண்டுகோள். உனக்குப் பிடித்திருந்தது என்று படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை.

எனக்கு ஏன் அப்படி எழுத வரவில்லை என்று கேட்கிறாய். அந்தக் கட்டத்தில் யார் பெயரை எழுதுவது அக்கா? எனக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. இருப்பது ஒரு வீடு, அதில் ஒரு ஆள். அந்த ஆள் என்னைப் போ என்று சொல்லியிருக்கிறாள். எதிர்பார்த்திருப்பவர் என்று உன் பெயரை எழுதினால் பொய் மனு ஆகிவிடாதா? அதையும் நீதானே பிரிப்பாய்? பதினொரு தடவை எழுதியபோதும் அந்தக் கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அதில்லாமல் மற்றது எதுவும் நிற்கவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இனி மறைத்து யாருக்கு என்ன லாபம்? அம்மாவுக்கு முடியவில்லை, கிளம்பி வா என்று நீ அனுப்பிய செய்தி அக்டோபர் பதினொன்று காலை வந்தது. உடனே வயர்லெஸ்ஸில் லீவு கேட்டேன். அங்கே எழுதிக்கொள்பவர், "காரணம் சொல்லுங்க" என்றார். அம்மா சாகக் கிடக்கிறாள் என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. நான் சொல்லிவிட்டால் அது நடந்துவிடும் என்று ஒரு பயம். நாற்பது வயதுக்காரன் சின்னப் பிள்ளை மாதிரி கருவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் மறுபடியும் கேட்டார். "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்றேன். எழுதிக்கொண்டார். அம்மா போன செய்தி வந்த பிறகு, பதினைந்தாம் தேதிதான் உத்தரவு வந்தது.

எனவே நீ சொன்னது சரிதான். சரியாகச் சொல்லத் தெரியாதவனுக்கு எதுவும் கிடைக்காது. அது உன் தப்பு இல்லை.

தம்பி

ஆகஸ்ட் 29

தம்பி,

உன் கடிதம் வந்த மறுநாள் பதிவறைக்குப் போனேன். பழைய வயர்லெஸ் சீட்டுகளை வருடவாரியாக அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருப்பார்கள். மதியம்வரை தேடினேன். அக்டோபர் பதினொன்று. பெயர் கிடையாது. 4417, ஐந்து நாள் லீவு, குடும்பச் சூழ்நிலை காரணமாக. ஓரத்தில் 'பொது' என்று எழுதியிருக்கிறது. அதன் கீழே என் சுருக்கக் கையெழுத்து.

அன்றைக்கு நான் அரை நாள்தான் வேலைக்குப் போனேன். என் லீவு எல்லாம் தீர்ந்திருந்தது. அம்மாவைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். சீக்கிரம் முடித்தால் மருந்து வாங்கிக்கொண்டு போகலாம் என்று மனுக்களோடு என் மேசைக்கு வந்து கிடந்த லீவுச் சீட்டை எல்லாம் ஒரு மணி நேரத்தில் பிரித்துத் தள்ளினேன். உன்னுடையதை நான் படித்ததாகவே ஞாபகம் இல்லை. கை படித்திருக்கிறது. வீட்டுக்குப் போனதும் அம்மா, "தம்பி கெளம்பிட்டானா?" என்று கேட்டாள். "வந்துட்டே இருக்காம்மா" என்றேன். அந்த நேரத்தில் உன் சீட்டு என் மேசையில் பொதுக் கட்டுக்குள் இருந்தது. மூன்று நாளும் கேட்டாள். மூன்று நாளும் அதையே சொன்னேன்.

பிறகு நீ வந்தபோது அத்தனை பேர் முன்னால் உன்னை விரட்டினேன். உன்னை வரவிடாமல் செய்தது நான், வரவில்லை என்று திட்டியதும் நான். நீ செருப்போடு திரும்பி நடந்தது என் கண்ணை விட்டுப் போகவில்லை. அதைக் கோபம் என்று நினைத்துக் கிட்டத்தட்ட மூன்று வருடம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சீட்டை அதிகாரியிடம் காட்டினேன். விதிப்படி சரிதானேம்மா என்றார். விதிப்படி சரிதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த வருடப் படிவம் ஒன்றை வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு கட்டத்தை மட்டும் நானே நிரப்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எதிர்பார்த்திருப்பவர் என்ற இடத்தில் என் பெயர், உறவு அக்கா. அது பொய் இல்லை. மற்றதை நீ எழுது. அதைப் பிரிக்க நான் அந்த மேசையில் இருக்க மாட்டேன். வேறு பிரிவு கேட்டுவிட்டேன்.

ஆனால் அதற்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. உனக்குப் பதில் ஆள் வராமல் நீ அங்கிருந்து நகரவும் முடியாது. அதனால் நான் வருகிறேன். லீவு விண்ணப்பம் எழுதினேன். இத்தனை வருடம் மற்றவர் எழுதியதைக் குறை சொன்னவள், காரணம் என்ற இடத்தில் 'தம்பியைப் பார்க்க வேண்டும்' என்று எழுதிவிட்டு வேறு ஒன்றும் தோன்றாமல் கொண்டுபோய் நீட்டினேன்.

"தம்பிக்கு என்னம்மா?" என்றார்.

"தனியா இருக்கான் சார்."

"எவ்வளவு நாளா?"

"ஒம்பது வருஷமா."

நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இருபது நாள் கொடுத்திருக்கிறார்.

செப்டம்பர் பதினொன்றாம் தேதி வியாழக்கிழமை லாரியில் வருகிறேன். டிரைவரிடம் பேசிவிட்டேன். சாமானை இறக்கிவிட்டு அரை மணி நேரம் அங்கே நிற்பாராம், பிறகு திரும்பிவிடுவாராம். உனக்கு நான் வேண்டாம் என்றால் அதே லாரியில் ஏறிவிடுகிறேன். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அந்த அரை மணி நேரத்தில் உன்னிடம் என்ன பேசுவது என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். முதல் வரிகூட வரவில்லை.

அக்கா